உப்புத் தண்ணியில மீன் தொட்டி: முதல்ல தண்ணியைப் புரிஞ்சுக்கலாம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கப்பட்டு, திருத்தப்பட்டுள்ளது.)

புதுச்சேரி உப்பளத்துலேர்ந்து பேசுறேன். இன்னைக்கு விஷயம் வீட்டு மீன் தொட்டி. மீனைப் பத்திக் கொஞ்சமும், தண்ணியையும் செடியையும் பத்தி நிறையவும் பேசப் போறேன். ஏன்னா தண்ணியைச் சரியா வச்சுட்டா மீன் தன்னைத் தானே பாத்துக்கும்.

நம்ம வீடுகள்ல தொட்டி மீன் ஒண்ணு செத்துப் போனா பெரியவங்க என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். "வீட்டுக்கு வந்த கெட்டதை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு." கேக்க ஆறுதலாத்தான் இருக்கு. ஆனா அந்த ஒரு வரிக்கு அப்புறம், ஏன் செத்துச்சுன்னு யாரும் கேக்கறதில்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை புதுசா நாலு மீன் வருது. அதே தண்ணிக்குள்ள இறங்குது. அதுங்களும் போகுது. மூணு மாசத்துல "நமக்கு மீன் ராசியில்ல"ன்னு தொட்டி மொட்டை மாடிக்குப் போயிடுது.

புதுத் தொட்டியில மீன் சாகறதுக்கு நான் திரும்பத் திரும்பப் பாக்கற காரணம் மூணு. அம்மோனியா. திடீர் மாற்றம். நம்ம தண்ணிக்கு ஒத்துவராத மீன். மூணையும் நம்மால தடுக்க முடியும்.

உப்புத் தண்ணின்னா எந்த உப்பு?

நான் இருக்கற இடத்தோட பேரே உப்பளம். கடல் பக்கத்துல. புதுச்சேரி டவுனுக்கு நல்ல தண்ணிங்கறது எப்பவுமே ஒரு கதைதான். பாரதி பூங்கா நடுவுல வெள்ளையா நிக்குதே ஆயி மண்டபம், அது எதுக்குக் கட்டினதுன்னு யோசிச்சிருக்கீங்களா? 19-ஆம் நூற்றாண்டுல, மூன்றாம் நெப்போலியன் காலத்துல, லாமரெஸ்ங்கற பிரெஞ்சு இன்ஜினியர் முத்திரையர்பாளையத்துலேர்ந்து டவுனுக்குக் குடிதண்ணி கொண்டு வந்தார். அந்தத் தண்ணி வந்ததோட நினைவுச்சின்னம்தான் அது. குடிதண்ணி வந்ததுக்கே ஒரு மண்டபம் கட்டியிருக்காங்கன்னா, அது இல்லாத ஊர் எப்படி இருந்திருக்கும்னு பாத்துக்கோங்க.

இன்னைக்கும் கடலோரத்துல போர் போட்டு அளவுக்கு மேல உறிஞ்சினா, கடல்நீர் மெதுவா உள்ள வருது. நிலத்தடியில நல்ல தண்ணி, கனமான கடல்நீர் மேல மிதக்கற மாதிரி நிக்குது. கணக்குப்படி நல்ல தண்ணியோட மட்டம் 1 மீட்டர் இறங்கினா, கீழ இருக்கற உப்பு எல்லை சுமார் 40 மீட்டர் மேல வரும். அதனாலதான் ஒரே தெருவுல ஒரு வீட்டு போர் பரவாயில்லாம இருக்கு, பக்கத்து வீட்டு போர் வாயில வைக்க முடியல.

இங்க ஒரு குழப்பம் இருக்கு. நாம "உப்புத் தண்ணி"ன்னு ஒரே வார்த்தையில ரெண்டு வேற வேற தண்ணியைச் சொல்றோம்.

ஒண்ணு, கடினத் தண்ணி. கால்சியம், மெக்னீசியம் அதிகம். சோப்பு நுரைக்காது, கீசர் காயில்ல வெள்ளையாப் படியும், பக்கெட் ஓரத்துல சுண்ணாம்புக் கோடு விழும்.

இன்னொண்ணு, நிஜமாவே உவர்ப்பா இருக்கற தண்ணி. சோடியம் குளோரைடு, அதாவது சாப்பாட்டு உப்பு.

மீன் தொட்டிக்கு இந்த ரெண்டும் ஒண்ணு இல்ல. முதல் வகைத் தண்ணியில நிறைய மீனும் செடியும் சந்தோஷமா இருக்கும். ரெண்டாவது வகை கூடக் கூட, செடிங்க ஒவ்வொண்ணா விடைபெறும்.

டிடிஎஸ் மீட்டர் எல்லார்கிட்டயும் இருக்கு. ஆனா அது கரைஞ்சிருக்கற எல்லாத்தையும் மொத்தமா ஒரு நம்பரா காட்டும். எந்த உப்புன்னு சொல்லாது. 800-ன்னு காட்டினா அது சுண்ணாம்பா, கடல் உப்பான்னு மீட்டருக்குத் தெரியாது. அதனால ஜிஎச், கேஎச் ரெண்டையும் அளக்கற சொட்டு டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கிக்கோங்க. ஜிஎச்னா கால்சியம், மெக்னீசியத்தோட அளவு. கேஎச்னா பைகார்பனேட், கார்பனேட்டோட அளவு. ஒரு டிகிரிங்கறது லிட்டருக்கு சுமார் 17.9 மில்லிகிராம். டிடிஎஸ் அதிகமா இருந்து, ஜிஎச்-சும் கேஎச்-சும் குறைவா இருந்தா, மிச்சம் பெரும்பாலும் சாப்பாட்டு உப்புதான்னு சந்தேகப்படலாம். நாக்குலயே தெரிஞ்சிடும்.

இன்னொரு டிப்ஸ். போர் தண்ணியை மோட்டார் போட்ட உடனே பிஎச் பாக்காதீங்க. பூமிக்கு அடியில அந்தத் தண்ணியில கார்பன் டை ஆக்சைடு நிறைய கரைஞ்சிருக்கும். மேல வந்ததும் அது காத்துல போயிடும், பிஎச் ஏறும். ஒரு பக்கெட்ல பிடிச்சு, ஒரு நாள் திறந்து வச்சுட்டு, அப்புறம் பாருங்க. அந்த நம்பர்லதான் உங்க மீன் வாழப் போகுது. நகராட்சித் தண்ணின்னா குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்து வச்சாலோ, கடையில விக்கற ஆன்டி-குளோரின் சொட்டு விட்டாலோ போயிடும்.

கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா

மீன் சாப்பிடுது, கழிவு போடுது, செவுள் வழியா அம்மோனியா வெளிய விடுது. மிச்சம் விழுந்த தீனி அழுகி அதுவும் அம்மோனியாவாகுது. தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், உள்ள விஷம் ஏறிக்கிட்டிருக்கும்.

இதைச் சுத்தம் பண்றது பாக்டீரியா. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் ஓரளவு வரைக்கும் பரவாயில்ல, செடி சாப்பிடும். மிச்சத்தைத் தண்ணி மாத்தி வெளியேத்தலாம். இந்த பாக்டீரியா கூட்டம் ஃபில்டர் ஸ்பான்ஜ்லயும் மண்ணுலயும் குடியேற நாலிலேர்ந்து ஆறு வாரம் ஆகும். மீன் போடாம, தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு அந்த வாரங்களை ஓட்டணும். டெஸ்ட்ல அம்மோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டுமே பூஜ்யம்னு வந்தப்புறம்தான் மீன். அவசரம்னா, ஏற்கனவே நல்லா ஓடற தொட்டி வச்சிருக்கற ஒரு ஃப்ரெண்ட்கிட்ட பழைய ஃபில்டர் ஸ்பான்ஜ் ஒரு துண்டு கேளுங்க. மீன் வளக்கறவங்க ஒருத்தருக்கு ஒருத்தர் குடுக்கக்கூடிய நல்ல சீர் அதுதான்.

நம்ம ஊர் ஆளுங்க முக்கியமா கவனிக்க வேண்டியது ஒண்ணு. அம்மோனியா தண்ணியில ரெண்டு வடிவத்துல இருக்கும். அம்மோனியம்னு ஒண்ணு, அவ்வளவு ஆபத்தில்ல. கட்டற்ற அம்மோனியான்னு ஒண்ணு, அதுதான் செவுளை எரிக்கற விஷம். ரெண்டுக்கும் உள்ள விகிதத்தைத் தீர்மானிக்கறது பிஎச்-சும் வெப்பமும். 30 டிகிரியில, பிஎச் 7-ஆ இருந்தா மொத்தத்துல 1 சதவீதத்துக்கும் குறைவாதான் விஷ வடிவம். பிஎச் 8 ஆனா 7 சதவீதத்துக்கு மேல. அதாவது அதே அளவு அழுக்கு, ஆனா கிட்டத்தட்ட பத்து மடங்கு விஷம். குளிர் ஊர்ல மென்மையான தண்ணியில வளக்கற ஒருத்தர் வீடியோவுல "கொஞ்சம் அம்மோனியா இருந்தா பரவாயில்ல"ன்னு சொன்னா, அது அவர் ஊருக்குச் சரியா இருக்கலாம். மே மாசத்துப் புதுச்சேரிக்கு அது பொருந்தாது.

ஃபில்டர் ஸ்பான்ஜைக் குழாயில காட்டிப் பளபளன்னு கழுவறதையும் நிறுத்திடுங்க. குளோரின் அந்தக் குடியிருப்பையே காலி பண்ணிடும். தொட்டித் தண்ணியை ஒரு பக்கெட்ல எடுத்து, அதுல ரெண்டு பிழி பிழிஞ்சா போதும்.

பிஎச்-சோட சண்டை வேண்டாம்

கடைக்குப் போய் "எங்க வீட்டுத் தண்ணி பிஎச் 8.2"ன்னு சொன்னா, ஒரு சின்ன பாட்டில் குடுப்பாங்க. பிஎச்-சைக் குறைக்கற சொட்டு மருந்து. விட்ட உடனே 7-க்கு இறங்கும். மறுநாள் காலையில பாத்தா திரும்ப 8. மறுபடி சொட்டு, மறுபடி ஏற்றம்.

காரணம் கேஎச். பைகார்பனேட் நிறைய இருக்கற தண்ணியில நீங்க விடற அமிலத்தை அது பிடிச்சு, கார்பன் டை ஆக்சைடா மாத்தி காத்துல அனுப்பிடும். அது ஒரு மெத்தை மாதிரி. குத்தக் குத்த உள்வாங்கிட்டு பழைய வடிவத்துக்கு வந்துடும். இந்த ஏற்ற இறக்கத்துல அல்லாடறது மீன். 8.2-ல நிலையா இருக்கற தண்ணியில நல்லா வாழ்ற மீன்கள் நிறைய. தினம் 7-க்கும் 8-க்கும் ஊஞ்சல் ஆடற தண்ணியில எந்த மீனும் தேறாது.

பாதாம் மர இலை போடலாமான்னு கேப்பீங்க. நம்ம ஊர் தெருவெல்லாம் கிடக்கற நாட்டு வாதுமை இலைதான். காய்ஞ்ச இலை ரெண்டு தாராளமா போடலாம். தண்ணி டீ நிறமாகும், சின்ன மீன்களுக்கு ஒளிய இடமாகும். ஆனா கேஎச் அதிகமா இருக்கற தண்ணியில அது பிஎச்-சைப் பெருசா இறக்கிடும்னு நம்ப வேண்டாம்.

நிஜமாவே மென்மையான தண்ணி வேணும்னா ஒரே வழி, கலக்கறது. போர் தண்ணி ஒரு பங்கு, ஆர்ஓ தண்ணி அல்லது மழைத் தண்ணி ஒரு பங்கு. டிடிஎஸ் 1000-ஆ இருந்தது 500 ஆகும். கேஎச்-சும் பாதியாகும். ஒருமுறை இந்த விகிதத்தை முடிவு பண்ணிட்டா ஒவ்வொரு வாரமும் அதையே வச்சுக்கணும். ஆர்ஓ மெஷின்லேர்ந்து வெளிய கொட்டற கழிவுத் தண்ணியை மட்டும் தொட்டிக்கு விட்டுடாதீங்க. நீங்க குடிக்கற தண்ணியிலேர்ந்து பிரிச்ச உப்பெல்லாம் அதுலதான் இருக்கு.

அதைவிட சுலபமான வழி, தண்ணிக்கு ஏத்த மீன். கப்பி, மோலி, பிளாட்டி இதெல்லாம் கடினத் தண்ணிக்காரங்க. மோலிக்குக் கொஞ்சம் உவர்ப்பு இருந்தாலும் கவலையில்ல. நம்ம தென்னிந்தியாவோட சொந்த மீன் ஆரஞ்சு குரோமைடு, கழிமுகத்துலயும் உப்பங்கழியிலயும் வாழ்றது. உப்பளத்துத் தண்ணி அதுக்குச் சொந்த வீடு மாதிரி. கார்டினல் டெட்ரா, டிஸ்கஸ் எல்லாம் அமேசான் பக்கத்து மென்மையான, அமிலத் தண்ணியிலேர்ந்து வந்த இனங்கள். அதுங்க வேணும்னா தண்ணி கலக்கற வேலையை நீங்க ஏத்துக்கணும்.

மீன் வாங்கும்போது கடைத் தொட்டியோட டிடிஎஸ்-சை அளந்து பாத்துக்கலாமான்னு கேளுங்க. மீட்டர் பாக்கெட்லயே போயிடும். அங்க 200, உங்க வீட்ல 900-ன்னா, பாக்கெட்டை அரை மணி நேரம் மிதக்க விட்டு அவிழ்த்து விடறது போதாது. அது வெப்பத்தை மட்டும்தான் சமன் பண்ணும். ஒரு சின்ன ஏர் டியூப்ல முடிச்சு போட்டு, தொட்டித் தண்ணியைச் சொட்டுச் சொட்டா ஒண்ணு ரெண்டு மணி நேரம் விட்டுப் பழக்குங்க. மீனோட உடம்பு எந்நேரமும் உள்ள இருக்கற உப்பையும் வெளிய இருக்கற உப்பையும் சமாளிச்சுக்கிட்டே இருக்கு. அந்தக் கணக்கை மாத்திக்க அதுக்கு நேரம் வேணும்.

செடி: பள்ளிக்கூட ஹைட்ரில்லாவை ஞாபகம் இருக்கா?

ஒளிச்சேர்க்கை சோதனை. பீக்கர்ல ஹைட்ரில்லா, மேல கவுத்த புனல், அதுமேல சோதனைக் குழாய், குமிழ் குமிழா ஆக்சிஜன். அந்தத் தண்ணியில டீச்சர் ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் போடுவாங்க. செடிக்குக் கார்பன் கிடைக்கறதுக்கு. நம்ம கடினத் தண்ணியில அந்த பைகார்பனேட் ஏற்கனவே இருக்கு, இலவசமா.

எல்லாச் செடிக்கும் இதைப் பயன்படுத்தத் தெரியாது. பாசி வகையான மாஸ் எல்லாத்துக்கும் கரைஞ்ச கார்பன் டை ஆக்சைடுதான் வேணும். ஆனா ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா, ஹார்ன்வார்ட் இதெல்லாம் பைகார்பனேட்லேர்ந்தே கார்பன் எடுக்கும். நம்ம தொட்டியில இதுங்க காடு மாதிரி வளர்றதுக்குக் காரணம் அதுதான். சில சமயம் இலை மேல வெள்ளைப் பொடி மாதிரி படியும். நோய்னு பயப்படாதீங்க. செடி பைகார்பனேட்டை எடுக்கும்போது வெளிய விழற சுண்ணாம்பு அது.

வாலிஸ்நேரியாவுக்கு ஒரு வரலாறே இருக்கு. 1850-ல லண்டன்ல ராபர்ட் வாரிங்டன்னு ஒரு வேதியியலாளர், ஒரு கண்ணாடித் தொட்டியில ரெண்டு தங்கமீனும் வாலிஸ்நேரியாவும் வச்சார். பழைய இலைங்க அழுகித் தண்ணி கலங்குச்சு. குளத்து நத்தைகளைக் கொண்டு வந்து விட்டார். அதுங்க அழுகினதைச் சாப்பிட, தொட்டி சமநிலைக்கு வந்துச்சு. மீன், செடி, நத்தை. நாம இன்னைக்குச் செய்யறதும் அதுதான்.

இன்ஸ்டாகிராம்ல நீங்க பாக்கற பச்சைக் கம்பளமும் பாறையுமா இருக்கற தொட்டிகள், ஜப்பானோட தகாஷி அமானோ (1954–2015) பிரபலப்படுத்தின பாணி. அழகு. ஆனா ஜப்பான் தண்ணி பொதுவா மென்மையானது. கூடவே கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், பலமான லைட். அதை அப்படியே உப்பளத்து போர் தண்ணியில செஞ்சா பணமும் போகும், செடியும் போகும்.

நமக்கு எது? வாலிஸ்நேரியா பின்னாடி. நடுவுல இலங்கையோட சொந்தச் செடியான கிரிப்டோகோரைன் வென்டியை. இதை நட்ட முதல் வாரங்கள்ல இலையெல்லாம் கரைஞ்சு போகலாம். பிடுங்கிடாதீங்க, வேர் உயிரோட இருக்கும், புது இலை விடும். முன்னாடி நீர்ப்பிரமி. சித்த மருந்துல கேள்விப்பட்ட அதே நீர்ப்பிரமிதான், கொஞ்சம் உவர்ப்பையும் தாங்கும்.

கடினத் தண்ணியில செடிக்கு வர்ற பெரிய பிரச்சனை இரும்புச்சத்து. பிஎச் அதிகமா இருந்தா இரும்பு தண்ணியில கரைஞ்சு நிக்காது. புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையா இருந்தா இரும்பு பத்தலைன்னு அர்த்தம். பழைய இலை மஞ்சளானா பெரும்பாலும் நைட்ரஜன் பத்தல. இரும்பை வேர் வழியா குடுக்கறது நல்லது. அமெரிக்காவோட டயானா வால்ஸ்டாட் 1999-ல எழுதின புத்தகம் வழியா ஒரு முறை பரவுச்சு: அடியில ஓர் அங்குலம் சாதாரண மண், மேல அதே அளவு கூழாங்கல். நம்ம கோரிமேடு, ஆரோவில் பக்கத்துச் செம்மண் சிவப்பா இருக்கறதே இரும்பாலதான். காத்து புகாத அடி மண்ணுல அந்த இரும்பு வேர் எடுக்கற வடிவத்துக்கு மாறும். உரம் போட்ட வயல் மண் மட்டும் வேண்டாம், அம்மோனியா கொட்டும்.

பீச் மணலும் வேண்டாம். அதுல கிளிஞ்சல் துகள் இருக்கும், கரைஞ்சு கரைஞ்சு தண்ணியை இன்னும் கடினமாக்கும். எந்தக் கல், மணல் வாங்கினாலும் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்க. நுரைச்சா அதுல சுண்ணாம்பு இருக்கு.

லைட் ஆறிலேர்ந்து எட்டு மணி நேரம், டைமர் போட்டு. அதுக்கு மேல போனா பாசிக்குத்தான் விருந்து.

தொட்டியே உப்பளமாகற கதை

வெயில் காலத்துல தண்ணி 31, 32 டிகிரிக்குப் போகும். சூடு ஏற ஏற ஆக்சிஜன் கரையறது குறையும். 20 டிகிரியில லிட்டருக்கு 9 மில்லிகிராம், 30-ல 7.5 மில்லிகிராம்தான். அதனால மூடியைத் திறந்து சின்ன ஃபேன் வைப்போம். தண்ணி ஆவியாகி ரெண்டு மூணு டிகிரி குறையும். நல்லதுதான். ஆனா ஆவியாகறது தண்ணி மட்டும். உப்பு தொட்டியிலயே நிக்கும். உப்பளத்துல பாத்தியில உப்பு விளையறதும் இதே முறையிலதான்.

ஒரு கணக்கு போடுவோம். 60 லிட்டர் தொட்டி, டிடிஎஸ் 700. மொத்தம் 42 கிராம் உப்பு. தினம் 1 லிட்டர் ஆவியாகுதுன்னு வச்சுக்கோங்க. அதே போர் தண்ணியை ஊத்தி நிரப்பறீங்க. 30 நாள்ல 21 கிராம் கூடுதல். டிடிஎஸ் 1050. ரெண்டு மாசத்துல 1400, ரெண்டு மடங்கு. தண்ணி மட்டம் ஒரு இஞ்ச் கூட மாறல, ஆனா மீன் வேற ஊர் தண்ணியில நிக்குது.

அதனால ரெண்டு வேலையைத் தனித்தனியா பிரிச்சுக்கோங்க. ஆவியான அளவை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணி. வாரம் ஒருமுறை 25 சதவீதம் வெளிய எடுத்து மாத்தறதுக்கு உங்க வழக்கமான தண்ணி. எடுத்த தண்ணியில நைட்ரேட் இருக்கும், மாடித் தோட்டத்துச் செடிக்கு ஊத்தலாம்.

மழைக்காலம் நமக்கு வரம். ஐப்பசி, கார்த்திகையில மாடியில சுத்தமான டிரம் வச்சுப் பிடிங்க. முதல் ரெண்டு மூணு மழையை விட்டுடுங்க. தூசி, பறவை எச்சம், கடல் காத்துல வந்து படிஞ்ச உப்பு எல்லாம் கழுவிப் போகட்டும். மழைத் தண்ணியை மட்டும் தனியா ஊத்தாதீங்க, அதுல கேஎச் கிட்டத்தட்ட இல்ல. கலந்துதான் ஊத்தணும்.

மழையோட கரண்ட் கட்டும் வரும். 2024 நவம்பர் 30-ல ஃபெஞ்சல் புயல் வந்தப்போ புதுச்சேரியில 24 மணி நேரத்துல 40 செ.மீ.க்கும் மேல கொட்டுச்சு. அந்த மாதிரி நாளுக்கு பேட்டரியில ஓடற ஏர் பம்ப் ஒண்ணு வீட்ல இருக்கணும். கரண்ட் இல்லாதப்போ தீனி போடாதீங்க. ஒண்ணு ரெண்டு நாள் பட்டினி கிடந்தா மீனுக்கு ஒண்ணும் ஆகாது. பம்ப் இல்லன்னா மணிக்கு ஒருமுறை மக்குல தண்ணியை மொண்டு உயரத்துலேர்ந்து ஊத்துங்க. மூடின கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்னிருந்தா, உள்ள இருக்கற தண்ணியைக் கொட்டிட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க.

கடைசியா

தொட்டியை நிறுத்தறதா முடிவு பண்ணினா, மீனையோ செடியையோ வாய்க்கால்ல, ஏரியில விடாதீங்க. "டேங்க் கிளீனர்"னு வாங்கற அந்தக் கவச மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகள்ல பரவி மீனவங்க வலையைக் கிழிக்குது. கடைக்கோ, வளக்கற இன்னொருத்தருக்கோ குடுத்துடுங்க.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை. ஒரு பக்கெட் தண்ணி பிடிச்சு ஒரு நாள் வச்சுட்டு டிடிஎஸ், பிஎச், ஜிஎச், கேஎச் நாலையும் அளந்து ஒரு நோட்ல எழுதுங்க, தேதியோட. மே மாசம் ஒருமுறை, டிசம்பர்ல ஒருமுறை திரும்ப அளங்க. போர் தண்ணி பருவத்துக்குப் பருவம் மாறும். அடுத்த முறை ஒரு மீன் சோர்ந்து தெரிஞ்சா, ராசியைப் பாக்கறதுக்கு முன்னாடி அந்த நோட்டை எடுத்துப் பாருங்க.

உங்க தண்ணியோட நாலு நம்பரையும் ஊர் பேரோட எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அதுக்கு எந்த மீன், எந்தச் செடி ஒத்துவரும்னு அடுத்த எபிசோட்ல பேசலாம்.